பர்சோன் ஆரம்பித்த விட்டமின்

விட்டமின் என்றால் மருந்து இல்லை, சத்துதானே என்று நினைப்பவர்கள் என் சொந்தக்காரர்களில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் போனில் விசாரிப்பவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதிலும் பாதிப் பேர் நடுவிலேயே மறித்து, "எனக்கும் விட்டமின் டி கம்மியாத்தான் இருக்காம், நீ என்ன கம்பெனி சாப்பிட்ட?" என்று கேட்கிறார்கள். இதற்கு எழுதிவிடுவதே மேல்.

நான் வசந்தா. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் ஆறுமுகம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மூன்று தலைமுறையாக ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம். இவரும் அங்கே ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஹைதராபாத் இந்தி கலந்து இவர் பேசும் தமிழைக் கேட்டால் என் ஊர்க்காரர்கள் விழிப்பார்கள். வேண்டாம் என்பதற்கு நக்கோ. எதற்கு என்பதற்கு கைக்கு. ஆமாம் என்பதற்கு ஹவ். கல்யாணமான புதிதில் எனக்கு அழுகை அழுகையாக வரும். இப்போது நானே காய்கறிக்காரரிடம் நக்கோ என்கிறேன். எங்கள் ஒரே மகள் நித்யாவுக்கு கச்சிபௌலியில் ஐடி வேலை, அங்கேயே ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

என் அப்பா ஐம்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் போனார். காலையில் முகம் கழுவப் போனவர் துண்டைக் கையில் பிடித்தபடியே சரிந்துவிட்டார். எனக்கு ஐம்பது தாண்டியதிலிருந்து அந்த வயது என்னை நோக்கி நடந்து வந்துகொண்டே இருப்பது போலிருந்தது. பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். இந்தப் பயத்தை இவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் இவருக்குத் தெரியும்.

போன வருஷம் கால் வலி தாங்க முடியாமல் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் விட்டமின் டி குறைவு என்று வந்தது. வெயிலால் உடம்பில் ஊறுகிற சத்து, ஹைதராபாத் வெயிலில் இருப்பவளுக்குக் குறைவு என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் நான் வெயிலில் எப்போது நின்றேன்? ஆட்டோவில் போய், வகுப்புக்குள் நின்று, ஆட்டோவில் திரும்புகிறவள். தெருமுனைக்குப் போனாலும் குடை. கிளினிக் டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். அறுபதாயிரம் யூனிட் என்று அச்சிட்ட சின்ன சாஷே பாக்கெட். வாரத்துக்கு ஒன்று பாலில் கலந்து குடியுங்கள், இரண்டு மாதம் கழித்து என்னை வந்து பாருங்கள் என்றார். குடித்தேன், வலி போனது. வலி போன பிறகு டாக்டரிடம் யார் போகிறார்கள்?

அதற்கப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். விட்டமின் டி குறைந்தால் ரத்தக்குழாய் விறைத்துப்போகும், பிரஷர் ஏறும், மாரடைப்பு வரும் என்று கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததை இவர் கவனித்திருக்கிறார். மறுநாள் மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு டப்பா சாஷேவோடு வந்து நின்றார்.

"வாரத்துக்கு ஒண்ணுதான சொன்னாங்க?" என்றேன்.

"அது கால் வலிக்கு வசந்தா. இது ஹார்ட்டுக்கு. சத்துதானே, டெய்லி குடிச்சா இன்னா? கைக்கு பயப்படறே?"

அன்றிலிருந்து காலையில் பால் காய்ச்சிப் பொடியைக் கலந்து, ஆற்றி, என் கையில் கொடுப்பது இவர் வேலையாயிற்று. ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அந்தப் பாலைக் குடிக்கும்போது அப்பாவின் வயதைத் தாண்டிவிடுவேன் என்று ஒரு தெம்பு வரும். இப்படியே மாதங்கள் ஓடின.

முதலில் தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பீரியடுக்கு பீரியட் பாத்ரூமுக்கு ஓடினேன். சர்க்கரையோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. பிறகு சாப்பாடு பிடிக்காமல் போனது, மலச்சிக்கல் வந்தது, உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. மெனோபாஸ் முடிந்தும் முடியாத தொந்தரவு என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருநாள் ஆறாம் வகுப்பில் போர்டில் ஏழையும் எட்டையும் எழுதிப் பெருக்கல் குறி போட்டுவிட்டு நின்றேன். விடை வரவில்லை. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தும் அவர்கள் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் இதயம் ஒரு துடிப்பை விட்டு, பிறகு அவசரமாக ஒன்று சேர்த்துத் துடித்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

நித்யாவின் கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இருந்ததால், நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, கச்சிபௌலி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் டிராஃபிக். காருக்குள் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிக்னலைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஈசிஜியில் மாரடைப்பு இல்லை, ஆனால் துடிப்பின் வரைபடம் சரியில்லை என்றார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு இடைவெளி எடுத்துக்கொள்ளுமாம். எனக்கு அந்த இடைவெளி சுருங்கிப்போயிருந்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் காரணம் தெரிந்தது. கால்சியம் எக்கச்சக்கம். எலும்புக்கு வேண்டிய கால்சியம் ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே இதயம் தாளம் தப்பும், சிறுநீரகம் திணறும், மூளை மந்தமாகும் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். அப்போது நான் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். அங்கித் என்று ஒரு இளம் டாக்டர், லக்னோ பக்கத்துப் பையன், அழகான இந்தியில் கேள்வி கேட்டார். நான் உளறியதால் இவரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஐசியூவில் ஜன்னல் கிடையாது. நெஞ்சில் ஐந்து ஒயர், விரலில் ஒரு கிளிப், ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் தானாக உப்பி இறுக்குகிற பிரஷர் பட்டை, கீழே சிறுநீர்க்குழாய். புரண்டு படுத்தால் ஏதாவது ஒன்று கூவும். கூவினால் யாராவது வந்து பட்டனை அமுக்கிவிட்டுப் போவார்கள், என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். விளக்கு அணைவதே இல்லை, அதனால் காலை எது மாலை எது என்று சாப்பாட்டு வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானாக எழுந்து அந்தக் கதவு வரைக்கும் நடந்துபோக முடியாது என்பது ஒரு நேரம் மனசில் உறைத்ததும் மூச்சு முட்டியது. ஸ்வப்னா என்ற நர்ஸ் வந்து என்னம்மா என்றாள். எனக்கு வெளியே போகணும் என்றேன். எல்லாருக்கும் அதுதான் வேணும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலைமுடியை வாரி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். இந்த வயதில் இரட்டைப் பின்னலோடு படுத்திருந்தேன்.

சலைன் ஏற ஏற மண்டை தெளிந்தது. தெளிந்ததும்தான் பயமே வந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டுவது அவைதான், அதில் ஏதாவது கட்டியா என்று பார்த்தார்கள். இல்லை, அந்தச் சுரப்பிகள் சமத்தாக அடங்கித்தான் இருந்தன. நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர்கள் சந்தோஷப்படவில்லை. சுரப்பியில் கோளாறு இல்லாமல் கால்சியம் இப்படி ஏறினால் வேறு சிலவற்றை "ரூல் அவுட்" பண்ண வேண்டும் என்றார்கள். வேறு சில என்றால் என்னவென்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. நித்யா இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்காகப் போனும் கையுமாக அலைந்துகொண்டிருந்தாள். பார்க்க வரும் நேரத்தில்கூட என் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோழியிடம் தெலுங்கில் மெதுவாகப் பேசினாள். தமிழில் பேசினால்தான் அம்மாவுக்குப் புரியும் என்று நினைத்திருப்பாள். நான் இருபத்தைந்து வருஷமாகத் தெலுங்குப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்பது அவளுக்கு அந்த நாட்களில் மறந்துவிட்டது. எலும்பு மஜ்ஜை என்றாள். பயாப்ஸி என்றாள். கேன்சராக இருந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அழுதாள்.

அவள் திரும்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாரடைப்பு வரும் என்று வாசலில் காவல் வைத்திருந்தேன், இது கொல்லைப்புறமாக வந்திருக்கிறது என்று தோன்றியது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார்கள். கட்டி தெரியாததால் அடுத்தது மஜ்ஜைதான். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும் இழுக்கும்போது வலிக்கும் என்று அங்கித் மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அந்தப் பையனை எனக்குப் பிடித்தது.

துடிப்பு ஓரளவு சீரானதும் என்னை ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இருந்தது, திறக்காது. கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி. மறுநாள் காலை மஜ்ஜைப் பரிசோதனை. அன்று சாயங்காலம் இதய டாக்டர் சுனிதா ரவுண்டுக்கு வந்தார். ஹைதராபாத் ஓல்டு சிட்டியில் பிறந்து வளர்ந்தவர், பெரிய டாக்டர், வேகமாக நடப்பார். கூடவே அங்கித். அந்த நேரம் பார்த்து இவர் நித்யாவின் ஃப்ளாட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

நித்யா டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மாவுக்கு ஹார்ட்டுக்காக விட்டமின் டி பவுடர் கொடுத்துட்டு இருந்தோம் டாக்டர். இங்க வந்ததிலிருந்து நிறுத்திட்டோம். அப்பா இன்னிக்குப் பால்ல கலந்து கொண்டு வந்திருக்கார். கொடுக்கலாமா? நிறுத்தினா இதயத்துக்கு ஏதாவது ஆகுமோன்னு அவருக்குப் பயம்."

"இப்ப வேண்டாம்," என்றார் டாக்டர், என் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே. "கால்சியம் அதிகமா இருக்கும்போது கூடாது. அட்மிட் ஆகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதானே ஆரம்பிச்சீங்க? நிறுத்தினா ஒண்ணும் ஆகாது."

ரெண்டு நாளா? நான் தலையணையிலிருந்து எழும்பினேன். ஒயர் இழுத்தது.

"ரெண்டு நாள்னு யார் சொன்னா?"

அங்கித் இவரைக் காட்டினார். "சார்தான் சொன்னார் மேடம். விட்டமின் டி எப்போதிலிருந்து என்று கேட்டேன்."

"என்னங்க, நீங்க என்ன சொன்னீங்க?"

இவர் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்தபடி விழித்தார். "இன்னா சொன்னேன்? பர்சோன் ஸேன்னு சொன்னேன். கரெக்டுதானே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நடந்ததைச் சொல்லும்போது லக்னோவில் பர்சோன் என்றால் முந்தாநாள், பர்சோன் ஸே என்றால் முந்தாநாளிலிருந்து. இந்தி பேசுகிற ஊர் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஹைதராபாத்தில் மட்டும் அது நேற்று அல்லாத எந்த நாளாகவும் இருக்கலாம். போன வாரம் பர்சோன், போன வருஷம் பர்சோன். எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தது பர்சோன், அது இப்போது துருப்பிடித்துக் கிடக்கிறது. இருபத்தாறு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காக இவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எந்த நேரத்தில் நான் பக்கத்தில் விழிப்பாக இருந்து திருத்தியிருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் அரைத்தூக்கத்தில் கிடந்திருக்கிறேன்.

டாக்டர் சுனிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு எப்போது ரிட்டயர் ஆனார் என்று இவரிடம் அவருடைய பாஷையிலேயே கேட்டார். "அங்கிள், ரிட்டயர் கப் ஹுவே?"

"அபீச் மேடம். பர்சோன்." இப்போதுதானாம்.

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு முன்னாடி," என்றேன் நான்.

அங்கித்தின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு, எப்போதிலிருந்து, வாரமா தினமுமா என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்ற இவருக்கு நான் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மேஜையில் வைக்கப் போனார், வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அப்போ இதனாலயா?" என்று தமிழில் என்னைக் கேட்டார். "நான் கொடுத்ததாலயா வசந்தா?"

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லியிருந்தால் எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், நித்யா எவ்வளவு அழுதிருக்கிறாள். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிவைத்தார்கள். ரத்தத்தில் விட்டமின் டி அளவைப் பார்க்கக் கொடுத்தார்கள். கிளினிக்கின் பழைய ரிப்போர்ட்டில் குறைவு என்று இருந்ததாலும், முந்தாநாள்தான் ஆரம்பித்தது என்று நம்பியதாலும் அதை யாரும் திரும்பப் பார்த்திருக்கவில்லை. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் விட்டமினாக இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். இவர் என்ன வேண்டியிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன். விட்டமின் என்று வந்தால் இவர் கையால் கொடுத்தது, இல்லை என்று வந்தால் கேன்சர். இரண்டில் எதை வேண்ட முடியும் ஒரு மனிதரால்?

மெஷின் காட்டக்கூடிய அதிகபட்ச அளவையும் தாண்டியிருந்தது.

டாக்டர் சுனிதா நிதானமாக விளக்கினார். இதயத் தசையிலும் ரத்தக்குழாயின் உட்சுவரிலும் விட்டமின் டி வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு, அதனால் அதற்கு அங்கே ஏதோ வேலை இருக்கிறது. டி குறைந்தவர்களிடம் பிரஷரும் இதயநோயும் கூடுதலாகத் தெரிகிறது, அந்தக் கோட்டுக்காரர் சொன்னதில் அவ்வளவு உண்மை. ஆனால் வெளியே நடமாடாதவர்கள், எடை கூடியவர்கள், ஏற்கெனவே நோயாளியானவர்கள், இவர்களுக்குத்தான் டி குறையும். இவர்களுக்குத்தான் இதயநோயும் வரும். குறைவில்லாதவர்களுக்கு மேற்கொண்டு அள்ளிக் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டு விஷயம் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதை நான் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"குறைஞ்சா அளவா கொடுத்து ஈடுகட்டணும். அதிகமானா இது தண்ணீரில் கரைஞ்சு போகாது, கொழுப்பில் தங்கிடும்," என்றார். "குடலிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் கொட்டிக்கிட்டே இருக்கும். எதைக் காப்பாத்த எடுத்தீங்களோ அதே ரத்தக்குழாயிலும் இதயத்திலும்தான் போய் உட்காரும்."

"ஸ்கேன்ல தெரிஞ்ச புள்ளிகள்?"

"அது இதனால வந்ததுன்னு சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் சேர்ந்திருக்கும். உங்க அப்பா, பிரஷர், வயசு. இதுவும் ஒரு கை கொடுத்ததா இல்லையான்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

ஆக, கேன்சர் இல்லை. நித்யா என்னைக் கட்டிக்கொண்டு தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் அழுதாள். இவர் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தும் சிறை முடியவில்லை. கொழுப்பில் தங்கியது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதுவரை பால் கூடாது, தயிர் கூடாது, மோர் கூடாது, வெயில் கூடவே கூடாது. குடலில் கால்சியம் ஏறாமல் தடுக்க ஸ்டீராய்டு மாத்திரை. அதில் முகம் உப்பி என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து மணி கேட்கும், என்னுடைய பீரியட் என்று நினைத்துக்கொள்வேன். அடிக்கடி ரத்தம் கொடுத்து, கால்சியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று காத்திருப்பதுதான் வேலை.

இவர் சமைத்தார், பாத்திரம் கழுவினார், துணி மடித்தார். ஆனால் என் கையில் எதையும் கொடுக்க மாட்டார். தண்ணீரைக்கூட மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மாத்திரை நேரம் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நித்யா இருந்தவரைக்கும் அவள் எடுத்துக் கொடுத்தாள். அவள் வேலைக்குத் திரும்பியதும் நானே எழுந்து எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் எனக்கு அது சரி என்றே பட்டது. கோபம் இருந்ததே. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கவனித்தேன். எனக்குச் சாதம் போடுவதற்கு முன்னால் கரண்டியை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

"நீங்க மட்டுமா? நானுந்தான குடிச்சேன்," என்றேன்.

"நீ என்னை நம்பிக் குடிச்சே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மனதில் இருந்த கோபத்தை அதற்கப்புறம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கடைசியாகக் கொடுத்த ரத்தத்தில் கால்சியம் சரியான அளவுக்கு வந்திருந்தது. டாக்டர் சுனிதா போனில் சொன்னார், ஸ்டீராய்டை நிறுத்தலாம், பழைய பிரஷர் மாத்திரை மட்டும் போதும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய் வரலாம். திரைச்சீலையை விலக்கினேன். வெயில் தரையில் விழுந்தது. இவர் கொல்லைப்பக்கம் எழுந்து போகப் பார்த்தார்.

"அந்த பிரஷர் மாத்திரைய எடுத்துக் குடுங்க," என்றேன்.

"நீயே எடுத்துக்கோ."

"எட்டல."

மாத்திரை அட்டை என் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது இருவருக்கும் தெரியும். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, அட்டையைத் திருப்பித் திருப்பி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"டெய்லியா?"

"டெய்லிதான்."

ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கும் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடவா?"

"கேளுங்க," என்றேன்.

மாத்திரையை ஒரு கையில் மூடிக்கொண்டு மறு கையால் நம்பரைத் தேடினார். நான் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.